ஒரு சொட்டுப் பாகு

விரல் நுனியில் ஊசி குத்தும்போது வஸ்ஃபி தினமும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சின்ன வயதிலிருந்து நெருப்பிலும் கொதிக்கிற நெய்யிலும் கை வைத்துக் குனாஃபா என்கிற சீஸ் இனிப்பைச் செய்கிற மனிதர், ஒரு துளி ரத்தத்துக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அவர் மனைவி ரிஹாப் கண்ணை மூடமாட்டாள். சர்க்கரை அளக்கிற கருவியில் எண் வருகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்திருப்பாள்.

அன்றைக்கும் எண் ஏறித்தான் இருந்தது.

"எவ்வளவு?" என்றார் வஸ்ஃபி, இன்னும் கண்ணைத் திறக்காமல்.

"நேத்தைவிடக் கூட."

"அந்தக் கருவி கெட்டுப்போச்சு."

"கருவி நல்லாத்தான் இருக்கு அபூ கஸ்ஸான். உங்க வாய்தான் கெட்டுப்போச்சு."

கஸ்ஸான் அவர்களுடைய மூத்த மகன். பிழைப்புக்காக ஷார்ஜா போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனாலும் பாலஸ்தீனத்து நாப்லுஸ் ஊர் வழக்கப்படி இவர் கஸ்ஸானின் அப்பா, இவள் கஸ்ஸானின் அம்மா. அபூ கஸ்ஸான், உம்மு கஸ்ஸான். கொஞ்சினாலும் அதே பெயர்தான், திட்டினாலும் அதே பெயர்தான். இந்த மாதமெல்லாம் திட்டுவதற்கே அந்தப் பெயர் சரியாக இருந்தது.

வஸ்ஃபியின் இடது கண்ணில் புகை படர்ந்திருந்தது. வலது கண்ணும் கூடவே கிளம்பிவிட்டது. கண் டாக்டர் ஒளியை அடித்துப் பார்த்துவிட்டு, அறுவை செய்தால் பார்வை திரும்பும், ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் கத்தியை எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். சர்க்கரை டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, மாவையும் இனிப்பையும் குறைக்கச் சொன்னார். கதவு வரைக்கும் வந்த பிறகு, "சாப்பாட்டுல பெருசா எதாவது மாத்தினா எங்கிட்ட சொல்லிட்டு மாத்துங்கம்மா" என்றும் சொன்னார். ரிஹாப் தலையாட்டினாள். அவள் மனம் அப்போது கண்ணிலேயே இருந்தது.

குனாஃபாக்காரனுக்குக் கண் போனால் என்ன மிச்சம்? பெரிய வட்டத் தட்டில் மாவைப் பரப்பி, அதன்மேல் சீஸைப் பரப்பி, நெருப்பின்மேல் தட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்பும்போது ஓரத்தில் மாவு எந்த நிறத்துக்கு வருகிறது என்பதைக் கண்தான் சொல்லும். ஒரு நொடி முந்தினால் பச்சை மாவு, ஒரு நொடி பிந்தினால் கரி. இந்தக் குளிர்காலம் முழுக்க வஸ்ஃபியின் தட்டுகள் ஓரம் கருகித்தான் இறங்கின. வாடிக்கைக்காரர்கள் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. கருகிய ஓரத்தைத் தட்டிலேயே ஒதுக்கிவைத்துவிட்டுப் போனார்கள், அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

ரிஹாபின் தங்கை மைசூன் ஜோர்டானின் அம்மான் நகரத்திலிருந்து போனில் வழி சொன்னாள். அவள் பேச்சுக்கு முன்னால் எந்த டாக்டரும் நிற்க முடியாது.

"ரொட்டிய நிறுத்துக்கா. அரிசிய நிறுத்து. நம்ம ஊர்ல சீஸுக்கா பஞ்சம்? அதையே போடு. பால்ல இருக்கிற சக்கரையெல்லாம் மோரோட வடிஞ்சு போயிடுது, கட்டியில ஒண்ணும் நிக்காது. நான் எப்படி இளைச்சேன்னு பாத்தியா?"

"நீ இளைச்சது உன் மாமியார் வந்து தங்கினதுல."

"கிண்டல் பண்ணாத. செஞ்சு பாரு. ஒரு மாசத்துல மாமா கண்ண ஆபரேஷன் பண்ணிடலாம்."

அப்படித்தான் வீட்டிலிருந்து ரொட்டி வெளியேறியது. சந்தியில் விற்கிற எள் ரொட்டியின் வாசனை ஜன்னல் வழியாக வந்தாலும் ரிஹாப் ஜன்னலைச் சாத்தினாள். போன வசந்தத்தில் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்த சீஸ் டின்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதல் நாளே துண்டு போட்டுத் தண்ணீரில் ஊறவைப்பாள், தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குவாள். காலையில் ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்துத் தருவாள். எண்ணெயில் மிதக்கிற தயிர்க்கட்டி உருண்டைகள், அவித்த முட்டை, வெள்ளரிக்காய், ஆலிவ். மத்தியானம் காய்ந்த ஆட்டுத் தயிர்க்கட்டியைக் கரைத்து அதில் வேகவைத்த கறி, ஆனால் அடியில் சோறு கிடையாது. ராத்திரிக்கு மறுபடியும் சீஸ்.

"என்னை எலியாக்கிட்டியே" என்பார் வஸ்ஃபி.

"எலிக்குக் கண்ணு நல்லாத் தெரியும். சாப்பிடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். வயிறு குறைந்தது, இடுப்பு வாருக்குப் புதிதாக ஓட்டை போட வேண்டிவந்தது. ஆனால் காலை எண் மட்டும் இறங்க மறுத்தது. ரிஹாபுக்கு அது விளங்கவேயில்லை. வீட்டில் இருக்கிற சர்க்கரை டப்பாவைக்கூட அவள் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அப்படியானால் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? கடையிலிருந்துதான் வரவேண்டும். பகலெல்லாம் பாகுச் சட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிற மனுஷன்.

சந்தேகம் வந்துவிட்டால் மூக்கு கூர்மையாகிவிடும். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்ததும் மீசையை முகர்ந்து பார்த்தாள். ஆரஞ்சுப் பூத்தண்ணீர் வாசம் அடித்தது. பாகில் ஊற்றுகிற அதே பூத்தண்ணீர். போதாக்குறைக்கு அவர் கை நடுங்கியது, சட்டை நனைந்திருந்தது, கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். திருட்டுத்தனம் செய்கிறவனுக்குத்தான் இப்படி வேர்க்கும் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். அன்றிலிருந்து யாரிடமும் கேட்காமல் ராத்திரி அரை மாத்திரை கூடுதலாகக் கொடுக்க ஆரம்பித்தாள். இவர் ஒரு பக்கம் ஏற்றினால் நான் ஒரு பக்கம் இறக்குகிறேன் என்பது அவள் கணக்கு. பயந்தவள் போடுகிற கணக்கு வேறு எப்படி இருக்கும்?

மறுநாள் அவள் கடைக்கே போனாள். அடுப்பு எரிகிற நேரம், கூட்டம் வாசல் வரை நின்றது. வஸ்ஃபியின் தம்பி ஜவ்தத் கரண்டியால் சூடான தட்டின்மேல் பாகை ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் நேராக அடுப்பண்டை போய், எல்லாரும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அபூ கஸ்ஸான், உண்மையச் சொல்லுங்க. இந்தத் தட்டுல எத்தன துண்டு உங்க வயித்துக்குள்ள போகுது?"

கூட்டம் சிரித்தது. அங்கேதான் தப்பு நடந்தது. வீட்டில் கேட்டிருந்தால் அவர் திட்டிவிட்டுப் படுத்திருப்பார். ஊர் சிரித்ததும் வஸ்ஃபியின் முகம் அடுப்பைவிடச் சிவந்தது.

"நான் திருட்டுத் தீனி தின்றவனா?"

"மீச சொல்லுதே."

"மீசையா? நாள் பூராப் பாகு ஆவியில நிக்கறேன், மீச வேற என்ன வாசம் அடிக்கும், உன் வெங்காய வாசமா?"

"அப்ப எண்ணு ஏன் ஏறுது?"

பதில் தெரியாத ஆண்பிள்ளை என்ன செய்வான்? நாப்லுஸில் அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது, அது எந்தக் காலத்தில் ஒழியுமோ தெரியவில்லை. வஸ்ஃபி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"எல்லாரும் கேட்டுக்குங்க! ஆபரேஷன் முடியறதுக்குள்ள ஒரு சொட்டுப் பாகு என் தொண்டைக்குள்ள எறங்கினா, இவ எனக்குத் தலாக்!"

சிரிப்பு நின்றுவிட்டது. ஜவ்தத்தின் கையிலிருந்த பாகு தட்டுக்கு வெளியே வழிந்தது.

இது முதல் தடவை என்றால் யாரும் அவ்வளவாகப் பதறியிருக்கமாட்டார்கள். இந்த மனிதர் இதே மாதிரிச் சத்தியத்தை இதற்குமுன் இரண்டு தடவை செய்திருந்தார், இரண்டு தடவையும் அது முறிந்துபோனது. ஒருமுறை, மச்சான் இனிமேல் என் வாசலில் காரை நிறுத்தினால் தலாக் என்றார். மறுநாள் காலையில் அந்தக் கார் அங்கேயேதான் நின்றது. இன்னொருமுறை, பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குக் காலடி வைத்தால் தலாக் என்று சொல்லிவிட்டு, மேளச் சத்தம் கேட்டதும் தாங்கமுடியாமல் போய் ஆடிவிட்டு வந்தார். தெருப் பள்ளிவாசலின் பழைய ஷேக் கறாரானவர். இரண்டையும் இரண்டு தலாக்காகவே எண்ணினார். இரண்டு முறையும் வஸ்ஃபி சாட்சி வைத்து ரிஹாபைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அதற்குமேல் சேர்த்துக்கொள்ள வழியில்லை. மூன்றாவது விழுந்தால் விழுந்ததுதான். அவள் வேறொருவனைக் கட்டி, அவனும் விட்டுப்போனாலொழிய, இவருக்கு மனைவியாக முடியாது.

ரிஹாப் வீட்டுக்கு நடந்தாள். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், பயம்தான் அவளைத் தின்றது. ஒரு சொட்டு! நாள் முழுக்கப் பாகு தெறிக்கிற இடத்தில் நிற்கிற மனிதர் ஒரு சொட்டுக்குச் சத்தியம் செய்திருக்கிறார். உதட்டில் தெறித்ததை மறதியாக நக்கினால்கூடப் போதும், முப்பது வருடக் குடித்தனம் அதோடு சரி.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடந்ததைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. வஸ்ஃபி வாயில் துணி கட்டிக்கொண்டு அடுப்பில் நின்றார். டீக்கடைக்காரன் அவருக்குச் சர்க்கரையில்லாத டீயைக் கொடுத்துவிட்டு, "அல்லா மேல ஆணை, கரண்டியக்கூடக் கழுவிட்டேன் அபூ கஸ்ஸான்" என்றான். பழக்கடைக்காரன் அவரைப் பார்த்தாலே பேரீச்சம்பழத்தை மூடினான். அவர்களுக்கு விளையாட்டாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒரு வீட்டைப் பிரித்த பாவம் தன் தலையில் விழக்கூடாதே என்று ஆளாளுக்கு ஒதுங்கினார்கள். வஸ்ஃபியோ வீம்புக்கு ரிஹாப் வைத்ததைவிடவும் குறைவாகச் சாப்பிட்டார். சீஸையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"போதுமா? திருடன் எளைச்சிட்டானா?"

"சாப்பிடுங்க அபூ கஸ்ஸான். மாத்திர போட்டிருக்கீங்க."

"மாத்திரையே சோறு எனக்கு."

அவர் கன்னம் ஒட்டிப்போய், உதடு வெளுத்துப்போயிருப்பதை அவள் பார்த்தாள். ஆனால் காலை எண் இன்னும் ஏறியே இருந்தது. அதனால் அந்த அரை மாத்திரையை அவள் நிறுத்தவில்லை.

அது புதுச் சீஸ் வருகிற பருவம். புல் முளைத்திருந்தது, ஆடுகள் பால் சொரிந்தன, இடையர்கள் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு பிற்பகல் ரிஹாப் வருடத்துக்கு வேண்டியதை வாங்கிவந்து பெரிய பாத்திரத்தில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். உப்பு போதுமா என்று பார்க்க ஒரு முட்டையைப் போட்டாள். முட்டை மிதந்தது. வாசனைக்குப் பிசின் தூளும் கருஞ்சீரகமும் போட்டு, கட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். கட்டி மெத்தென்று ஆகி மேலே வருகிற நேரத்தில் எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் விட்டால் ரப்பராகிவிடும். முதல் கட்டி மேலே வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"அண்ணி," என்றான் ஜவ்தத். அவன் குரல் அவன் குரலாகவே இல்லை. "சீக்கிரம் வாங்க. அண்ணன் விழுந்துட்டாரு."

"அடுப்புலயா?"

"இல்ல. சும்மா... நின்னபடியே. எதேதோ பேசுறாரு. அவருக்கு எதாவது குடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்குக் கை வரல அண்ணி. நீங்க வாங்க."

அவள் அடுப்பை மறந்தாள், கதவை மறந்தாள். படிக்கட்டுச் சந்துகளில் இறங்கி ஓடினாள். கண் போகும் என்றுதானே பயந்தோம், ஆளே போய்விடுவாரோ என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. தோன்றிய உடனே அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

வஸ்ஃபி மாவு மூட்டைகளில் சாய்ந்து தரையில் கிடந்தார். சட்டை தண்ணீரில் முக்கியெடுத்தாற்போல் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. "தட்டத் திருப்பு, கருகுது, தட்டத் திருப்பு" என்று குழறிக்கொண்டிருந்தார். அடுப்பில் தட்டே இல்லை. ஜவ்தத் பாகுக் கரண்டியைப் பிடித்தபடி சுவரோரம் நின்றான். கூட்டத்தில் ஒருவன் குடு குடு என்றான். இன்னொருவன் சத்தியம் இருக்கே என்றான். ஒரு வயசாளி, "மூணாவதுப்பா இது, மூணாவது" என்று எல்லாருக்கும் நினைவுபடுத்திக்கொண்டிருந்தார். யார் அவரைக் கேட்டது?

பக்கத்து மருந்துக்கடை லமீஸ் கருவியோடு ஓடிவந்தாள். அவர் விரலைக் குத்தினாள். இந்த முறை வஸ்ஃபி முகத்தைத் திருப்பவில்லை. கருவி எண்ணே காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று மட்டும் காட்டியது.

"சக்கர சுத்தமா எறங்கிப்போச்சு!" என்று கத்தினாள் லமீஸ். "இவருக்கு இப்பவே இனிப்பு வேணும். ஆம்புலன்ஸ் இந்தச் சந்துக்குள்ள வர்ற வரைக்கும் தாங்காது. பாகு இருக்கில்ல? தொண்டைக்குள்ள ஊத்தாதீங்க, புரையேறிடும். விரல்ல தொட்டுக் கன்னத்துக்குள்ள தடவுங்க. என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

எல்லாரும் கரண்டியைப் பார்த்தார்கள்.

"நான் எப்படி அண்ணி தருவேன்?" ஜவ்தத் அழுதேவிட்டான். "உங்க குடும்பத்த என் கையாலயே..."

ரிஹாப் கரண்டியைப் பிடுங்கினாள். இதோ, ஊரிலேயே இனிப்பான கடை, சட்டி நிறையப் பாகு. அதன் நடுவில் ஒரு மனிதர் சர்க்கரை இல்லாமல் சாகக் கிடக்கிறார். எல்லாம் அவள் வாயாலும் அவர் வாயாலும் வந்த வினை. அவள் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். விரலைப் பாகில் தோய்த்து உதட்டருகே கொண்டுபோனாள்.

வஸ்ஃபி பல்லைக் கடித்தார்.

அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை. எந்த இடம், என்ன நேரம் என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பூத்தண்ணீர் வாசனை மட்டும் எப்படியோ எட்டியிருக்கிறது. தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார்.

"வேணாம்... வேணாம். அவ போயிடுவா."

செத்தாலும் பரவாயில்லை, இவளை விடமாட்டேன் என்று பல்லைக் கடிக்கிறார் அந்த முட்டாள் மனுஷன். திருடித் தின்கிறார் என்று ஊர் நடுவே நிறுத்தி அவமானப்படுத்தினாளே, அந்த மனுஷன்.

"போறதா இருந்தா உங்கள உசுரோட விட்டுட்டுப் போறேன்," என்றாள். "வாயத் தொறங்க."

அவர் திறக்கவில்லை. அவள் இடது கையால் அவர் தாடையைப் பிடித்து அழுத்தி, விரலைக் கன்னத்துக்குள் நுழைத்துத் தடவினாள். அவர் கடித்தார். அவள் விரலை எடுக்கவில்லை. மறுபடியும் தோய்த்தாள், மறுபடியும் தடவினாள். "யா அல்லா, யா அல்லா" என்று அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் அவர் தொண்டை அசைந்தது. விழுங்கினார்.

பிறகு தானாகவே நாக்கால் உதட்டைத் துழாவினார். கண் மெல்ல நிலைக்கு வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

"டேய் ஜவ்தத். பூத்தண்ணிய அள்ளிக் கொட்டியிருக்கியே. இதையா சனங்களுக்கு ஊத்துற?"

கூட்டம் பெருமூச்சு விட்டது, ஒருவன் கைதட்டக்கூடச் செய்தான். அதற்குள் வஸ்ஃபிக்குத் தன் நாக்கில் இருப்பது என்ன என்று உறைத்துவிட்டது. ரிஹாபின் முகத்தைப் பார்த்தார். அவள் விரலில் பாகும் ரத்தமும் இருந்தன. குழந்தைபோல் விம்ம ஆரம்பித்தார்.

அவள் அவர் தலையை மெதுவாக மூட்டைமேல் சாய்த்துவிட்டு எழுந்தாள். முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டாள். அவர் கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை, பிடிக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்நிய ஆணாகிவிட்டாரோ என்னவோ. ஒரு சொட்டு என்று சொல்லியிருந்தார். அவள் கொடுத்தது ஒரு சொட்டா?

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலில் கிடந்தார், அவள் எதிர்ச் சுவரோரம் நின்றாள். டாக்டர் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரொட்டியை நிறுத்தியது, வெறும் சீஸும் கறியும் வைத்தது, கடைசியில் அந்த அரை மாத்திரை. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சீஸ் மேல தப்பில்லம்மா. நல்ல சாப்பாடுதான், உப்ப மட்டும் எறக்கிக் குடுங்க. ஆனா இந்த மாத்திர ரொட்டி தின்ற ஆளுக்குக் குடுத்தது. நீங்க ரொட்டிய நிறுத்திட்டு மாத்திரையக் கூட்டியிருக்கீங்க. எங்கிட்ட சொல்லுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. ஆனா காலையில எண்ணு ஏறியே இருந்துச்சே டாக்டர். இவரு தின்றாருன்னுதானே..."

"ஒரு பருக்க இனிப்புத் தின்னிருக்கமாட்டாரு. ராத்திரியில சக்கர ரொம்ப எறங்கினா ஒடம்பு பயந்துபோய், தானே சேத்து வச்சிருக்கிறத எடுத்து விட்டுடும். அதான் காலையில ஏறிக் காட்டுது."

வஸ்ஃபி கட்டிலிலிருந்து, "கேட்டியா?" என்றார். குரலில் வெற்றி இல்லை. சர்க்கரை உண்மையில் இறங்கித்தான் இருக்கிறது, கண் அறுவைக்கு இனித் தடையில்லை, மாத்திரையைக் குறைத்துவிட்டுத் தேதி வாங்கிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதையும் இரண்டு பேரும் சரியாகக் கேட்கவில்லை. இவ்வளவு நாள் ஏங்கிய செய்தி அது. அறுவை முடிந்து கட்டுப் பிரிக்கும்போது எதிரில் யார் நிற்பார்கள் என்பதுதான் இப்போது கேள்வி.

அன்றிலிருந்து வஸ்ஃபி தம்பி வீட்டில் படுத்தார். ரிஹாப் சீஸைத் துண்டுபோட்டு, உப்பு இறக்கி, பொரித்து, மூடிபோட்ட டப்பாவில் ஜவ்தத்திடம் கொடுத்தனுப்பினாள். தொட்டுக்கொள்ளலாமா என்பதுதான் தெரியாதே தவிர, பட்டினி போடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் அவளைப் பார்த்து, நீ யார் என்று கேட்டது. அவர் செருப்பை வாசலிலிருந்து எடுக்கவும் மனமில்லை, விட்டுவைக்கவும் பயமாக இருந்தது. மைசூன் போன் செய்தபோது எடுக்கவில்லை.

பழைய ஷேக் காலமாகிவிட்டார். மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற நகர முஃப்தியிடம் போகச் சொன்னார்கள். முஃப்தி நரைத்த தாடிக்காரர், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர். ரிஹாப் அறையின் இந்த மூலையில், வஸ்ஃபி அந்த மூலையில். ஜவ்தத் நடுவில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னான். ரிஹாப் தன் விரலில் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இன்னும் பல் தடம் வலித்தது.

முஃப்தி கண்ணைத் திறந்தார்.

"அந்தச் சத்தியத்தச் சொல்லும்போது உம் மனசுல என்ன இருந்துச்சு? இந்தம்மாவ விட்டுடணும்னா?"

வஸ்ஃபி எழுந்து நின்றார். தெரியாத கண்ணால் முஃப்தி இருக்கிற பக்கத்தைத் தேடிப் பார்த்தார்.

"ஷேக், நான் குனாஃபாக்காரன். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பாகுச் சட்டிக்குப் பக்கத்துல நிக்கறேன். இவள விடணும்னு நெனச்சிருந்தா எனக்கு என்ன கஷ்டம்? ஒரு துண்டு எடுத்து வாயில போட்டிருப்பேனே. வாயக் கட்டிக்கிட்டு விழுந்து கெடந்தது எதுக்கு?"

முஃப்தியின் தாடி அசைந்தது. சிரித்தாரா என்று ரிஹாபுக்குத் தெரியவில்லை. அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணைத் திறக்கிறதற்குள் அவளுக்கு முப்பது வருடமும் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது, எல்லாமே அற்பச் சண்டைகள், எல்லாமே வேண்டியிருந்தன.

"அவன் தன்னைக் கட்டுப்படுத்திக்கத்தான் சொல்லியிருக்கான்," என்றார் முஃப்தி கடைசியில். "பிரியணும்னு சொல்லல. இது தலாக் இல்ல, முறிஞ்ச சத்தியம். அதுக்குப் பரிகாரம், பத்து ஏழைங்களுக்குச் சாப்பாடு போடணும். நீ உன் வீட்டுக்குப் போம்மா. வஸ்ஃபி, இங்க பாரு. உன் கண்ண டாக்டரு பாத்துக்குவாரு. உன் நாக்க யாரு பாத்துக்குவா? இன்னொரு தடவ அந்த வார்த்தையோட என் வாசல மிதிக்காத."

ரிஹாப் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். வஸ்ஃபி தட்டுத்தடுமாறி வந்து கையை நீட்டினார். இந்தத் தடவை அவள் பிடித்துக்கொண்டாள்.

பத்து ஏழைகளுக்குக் குனாஃபாதான் என்று வஸ்ஃபி தீர்மானித்தார், கூடவே ரொட்டியும் கறியும். மறுநாள் காலையில் கடையில் அவர் தட்டைச் சுற்ற, ரிஹாப் பக்கத்தில் நின்று ஓரத்து நிறத்தைப் பார்த்துச் சொன்னாள். "இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்ப!" அவர் அதை இன்னொரு தட்டில் கவிழ்த்தார். கருகல் இல்லாமல் சிவந்த தட்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு. ஜவ்தத் பாகை ஊற்றினான். வஸ்ஃபி வாயில் துணியைக் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

வாசலில் நின்ற டீக்கடைக்காரன் சும்மா இருக்கக்கூடாதா?

"அபூ கஸ்ஸான், உம்மு கஸ்ஸான் இல்லாத நேரமாப் பாத்து நாளைக்கு ஒரு துண்டு போட்டுக்குவீங்கதானே? உண்மையச் சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது. வஸ்ஃபியின் முகம் சிவந்தது. துணியை இழுத்து இறக்கினார், கரண்டியைத் தூக்கினார்.

"டேய்! நான் மட்டும் நாளைக்கு இதத் தொட்டேன்னா, இவ எனக்கு..."

கடையில் ஊறப்போடலாம் என்று ரிஹாப் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்தாள். அவர் விழுந்த அன்றைக்கு அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்த சீஸ் அது. எதிர்வீட்டுக்காரி வந்து அணைக்கிற வரை கொதித்துக் கொதித்து, உப்பேறி, ரப்பராகிப்போன கட்டி. இன்னும் ஊறப்போடவேயில்லை. அதில் உள்ளங்கையளவு ஒன்றை எடுத்து, திறந்திருந்த அந்த வாய்க்குள் திணித்து, கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

வஸ்ஃபியின் கண் பிதுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. மென்றார். அது அவ்வளவு சீக்கிரம் மெல்லக்கூடிய சீஸ் இல்லை. வாசலில் அந்தப் பத்து ஏழைகளும் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவர் மென்றுகொண்டே இருந்தார், அதுவரைக்கும் ரிஹாப் கையை எடுக்கவில்லை.